வெள்ளிக்கிழமைப் பாடவிதானம்

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒரு பல்கலைக்கழக வளாகம் திறந்தபோது, அங்கே உயிரியல் பட்டத்துக்கான பாடவிதானத்தை எழுதியவர்கள் மூன்று பேர். அதில் நானும் ஒருத்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. எழுதியதில் பாதி கொப்பி அடித்தது, மீதியில் பாதி சண்டை பிடித்து எழுதியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பழைய கல்லூரிக் கட்டடம் ஒன்றைத்தான் வளாகமாக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கவராய முனையால் உட்காரும் வாங்குகளில் கீறிய பெயர்கள் அப்படியே இருந்தன. எங்களுக்கு இரண்டு அறைகளும் ஒரு ஆய்வுகூடமும் கிடைத்தன. அந்த ஒரே ஆய்வுகூடத்தில்தான் தாவரவியலும் விலங்கியலும் காலம் தள்ள வேண்டும். போதாததற்கு வியாழக்கிழமைகளில் இரசாயனக்காரர்களும் அதற்குள் புகுந்துவிடுவார்கள். அவர்கள் போன பிறகு வெள்ளி வரைக்கும் அறை நாறும்.

எங்கள் துறைத் தலைவர் உரும்பிராய்க்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்கிற குடும்பத்தில் பிறந்து, வெளிநாட்டில் மண்புழுவை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கி வந்தவர். நெற்றியில் திருநீறு பூசமாட்டார். ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். முதலாம் வருடத்துக்குக் கூர்ப்புப் பாடம் எடுக்கும்போது, உயிர்கள் எப்படி ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தன என்று விளக்கிக்கொண்டே போய், கடைசியில் மூடநம்பிக்கைக்கு எதிராக ஒரு பிரசங்கம் வைக்காமல் முடிக்கமாட்டார். கோயில் வாசலில் பேசுகிறவர்களிடம்கூட நான் அவ்வளவு உருக்கத்தைக் கண்டதில்லை.

இரண்டாமவர் தாவரவியல் விரிவுரையாளர். தென்மராட்சிப் பக்கத்து ஆள். முன்பு பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் படிப்பித்ததால் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். யார் என்ன சொன்னாலும் முதலில் ஓம் என்பார், பிறகு வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்து இல்லை என்பார். மூன்றாவது நான், தற்காலிக உதவி விரிவுரையாளர், விலங்கியல். வல்வெட்டித்துறையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தகப்பன், சிற்றப்பன் எல்லாரும் கடலோடிகள். நான் வாய்க்காரி என்று துறையில் ஒரு கதை இருந்தது. அது பொய் என்று சொல்லமாட்டேன்.

பின்னேரம் நாலு மணிக்கு மேல் மூன்று பேரும் கூடுவோம். பருத்தித்துறைத் தட்டைவடையும் தேநீரும் வரும். மேசையில் தெற்கேயுள்ள பழைய பல்கலைக்கழகத்தின் பாடவிதானம் இருக்கும். அவர்கள் அதை இங்கிலாந்தில் இருந்து எடுத்திருந்தார்கள், நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அதிலே பனி உறைந்த குளம் வந்தது. இலையுதிர்காலம் வந்தது. நாங்கள் ஒருபோதும் கண்ணால் காணாத மரங்கள் எல்லாம் வந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றையும் வெட்டி, பனை, பூவரசு, ஆலமரம் என்று மாற்றிக்கொண்டே போனார். ‘ஓடும் நீரின் உயிர்கள்’ என்று ஒரு முழுத் தவணைப் பாடம் வந்தபோது தலைவர் அதை விட்டுக்கொடுக்க மறுத்தார். மற்ற வளாகங்களில் இருக்கிறது, இங்கேயும் இருக்க வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, மாரியில் வழுக்கியாறு ஓடும்தானே என்றார். ஓடும், நல்ல மழை பெய்தால் சில கிழமைகளுக்கு. அந்தத் தண்ணீரை நம்பி ஒரு தவணைப் பாடம் எழுதினோம். முதல் வருடம் மழை பிழைத்தது. பிள்ளைகள் காய்ந்த வாய்க்காலில் குடையோடு நின்று குறிப்பு எடுத்தார்கள்.

நானும் ஒரு பாடம் கொண்டுபோனேன். அது என் சொந்தப் பிள்ளை. உயிரோடு இருக்கிற விலங்கைப் பார்க்கிற பாடம். ஒவ்வொரு மாணவரும் கடற்கரையிலோ களப்பிலோ ஒரு விலங்கைத் தெரிந்தெடுத்து, அது என்ன தின்கிறது, எதற்குப் பயப்படுகிறது, யாரோடு சண்டை போடுகிறது என்று ஒரு வருடம் விடாமல் பார்த்து எழுத வேண்டும். நான் பட்டம் படித்த நாலு வருடமும் மருந்தில் ஊறிய உடல்களையே வெட்டினேன். தவளை, சுறா, எலி, புறா. எல்லாவற்றின் குடலும் எனக்கு அத்துப்படி. ஆனால் சிறுவயதில் எங்கள் கடற்கரையில் குந்தியிருந்து நண்டுகளைப் பார்த்தபோது எனக்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தக் குடல்கள் பதில் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில் எழுதிய பாடம் அது.

தலைவர் முழுவதும் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாக்கிறதுக்கும் ஒரு பட்டமோ, பிள்ளை?”

அவ்வளவுதான். மாஸ்டர் முதலில் ஓம் என்றார், அடுத்த நாள் இல்லை என்றார். அடுத்த வருடம் திருத்தி எழுதிக்கொண்டு போனேன். அதே கேள்வி, அதே துடைப்பு. எனக்கு அழுகை வந்தது. அழுதால் இவர்கள் பெண் என்று சொல்லிவிடுவார்கள் என்று தட்டைவடையை எடுத்துக் கடித்தேன். அது நல்ல கடினமான வடை, உதவியாக இருந்தது.

இதற்கிடையில் பெரிய தலையிடி ஒன்று வந்து சேர்ந்தது. எங்கள் முதல் அணி மாணவர்கள் இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறார்கள். அதற்கு மேல் படிக்கிறவர்களுக்கு இரண்டு வழி. மூன்று வருடத்தில் பொதுப் பட்டம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அல்லது நாலு வருடம் ஒரே பாடத்தில் சிறப்புப் பட்டம் செய்யலாம். ஆராய்ச்சி, விரிவுரையாளர் வேலை எல்லாவற்றுக்கும் சிறப்புதான் வாசல். தாவரவியலுக்குச் சிறப்பு நடத்த அனுமதி கிடைத்துவிட்டது. விலங்கியலுக்குக் கிடைக்கவில்லை. செய்முறை வகுப்புகளுக்குப் போதிய நேரம் இல்லை என்று மேலிடத்தில் எழுதிவிட்டார்கள். கிழமைக்கு இன்னும் ஒரு நாள் முழுதாக வேண்டுமாம். அது கிடைக்காவிட்டால் விலங்கியலில் சிறப்பு செய்ய விரும்பும் பிள்ளைகள் தெற்கே வேறு வளாகத்துக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு அது வெறும் இடமாற்றம். ஒரு பிள்ளைக்கு மட்டும் அப்படி இல்லை. அவள் அச்சுவேலிப் பக்கத்தில் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண். அணியிலேயே கெட்டிக்காரி என்று சொல்லமுடியாது, ஆனால் கேள்வி கேட்பதில் அவளை வெல்ல ஆள் இல்லை. வெட்டிய தவளையை வைத்துக்கொண்டு, இது உயிரோடு இருந்தபோது மழைக்கு முன்னாலேயே எப்படிக் கத்தத் தொடங்கியது என்று கேட்பாள். அவளுடைய தகப்பனார் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரே பிடி. பெட்டைப்பிள்ளையை ரயிலேற்றி விடமாட்டேன், சிறப்பு இங்கே வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் மூன்று வருடம் போதும் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் சாதகம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

கிழமைக்கொரு தரம் என் அறை வாசலில் வந்து நிற்பாள்.

“சிறப்பு வருமோ, மிஸ்?”

நான் வரும் என்பேன். எனக்கே நம்பிக்கை இருக்காது. அவள் போன பிறகு கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாததால் இரசாயனக்காரர் மேல் கோபப்படுவேன். அவர்கள்தானே வியாழக்கிழமையைப் பறித்துக்கொண்டார்கள். தலைவருக்கும் அதே எண்ணம். வியாழனைத் திருப்பித் தாருங்கள் என்று அவர்களுக்கு எழுதினார். அவர்கள் மறுத்து எழுதினார்கள். புதுக் கட்டடம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பதிலே வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் பின்னேரம் கூடி, நாள் இல்லை, நாள் இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வடை தின்றோம்.

கடைசியில் மேலிடத்தில் இருந்து ஒரு பேராசிரியர் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. சிங்களவர், வயது போனவர், விலங்கியலில் பெரிய பெயர். அவர் நேரில் பார்த்து என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. தலைவர் அந்தக் கிழமை முழுவதும் தானே நின்று ஆய்வுகூடத்தைக் கழுவுவித்தார். நான் நேரசூசியை ஒரு பெரிய மட்டையில் வரைந்து சுவரில் தொங்கவிட்டேன். நாலு வருடத்துக்கும் நாலு வரிசை. தாவரவியல் செய்முறைக்குப் பச்சைக் கடதாசி, விலங்கியலுக்குச் சிவப்பு, இரசாயனத்துக்கு மஞ்சள். மஞ்சளைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி ஒட்டினேன், அவர் கண்ணில் அநியாயம் படட்டும் என்று.

அவர் ரயிலால் இறங்கி நேரே வந்தார். குள்ளமான, சிரித்த முகம். மாஸ்டரிடம் பூவரசைப் பற்றி விசாரித்தார், வழுக்கியாற்றைக் கேள்விப்பட்டு வாய்விட்டுச் சிரித்தார். எல்லாம் ஆங்கிலத்தில்தான். பிறகு மட்டைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் வியாழக்கிழமையின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாலாம் வருட வரிசைகளின் கடைசிக் கட்டங்களில் விரலை வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார்.

நாங்கள் மூன்று பேரும் மட்டையைப் பார்த்தோம். வெறுமையாகத்தான் இருந்தது. முதலாம் இரண்டாம் வருடங்களில் வெள்ளி முழுவதும் பச்சை. அதற்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் மட்டை. நானே கையால் ஒட்டிய மட்டை, மாதக்கணக்காக நாங்களே போட்ட நேரசூசி. நாள் இல்லை என்று ஊரெல்லாம் எழுதிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அந்த நாள் கண்ணில் படவே இல்லை.

தலைவர் சமாளித்தார். வெள்ளிக்கிழமை தொட்டிகள் கழுவுகிற நாள் என்றார். அப்படி ஒரு வழக்கம் இருந்ததை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். மாஸ்டர், பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை பஸ் பிடிக்க வேண்டும் என்றார், மற்ற நாட்களில் அவர்கள் பறந்து போவதுபோல. நான் சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை சந்தைக்கு நல்ல மீன் வராது, வெட்டுவதற்குக் கிடைக்காது என்றேன். ஏன் வராது என்று கேட்டார். வாங்க ஆள் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்கப்போனவரைத் தலைவர் சாப்பாடு ஆறுகிறது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். நடைபாதையில் அந்த அச்சுவேலிப் பிள்ளை புத்தகங்களை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவளுடைய முகமும் விழுந்துவிட்டது.

சாப்பாடு தலைவர் வீட்டில் இருந்து வந்திருந்தது. வாழையிலையில் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், கீரை, மோர்மிளகாய், அப்பளம், பாயசம். பேராசிரியர் உட்கார்ந்து இலையை ஒரு முறை பார்த்தார், வாசலை ஒரு முறை பார்த்தார். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்தார் போல. பிறகு வெட்கப்படாமல் சொன்னார், ரயிலில் வரும்போது வழி முழுவதும் யாழ்ப்பாணத்து நண்டுக்கறியை நினைத்துக்கொண்டு வந்தாராம். இங்கே எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார்.

தலைவர் பதறிப்போனார். அப்படி ஒன்றுமில்லை, நண்டு தாராளமாகச் சமைப்போம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் மீன் மச்சம் எடுக்கவில்லை என்றார்.

பேராசிரியரின் கை சோற்றுக்கு மேலே அப்படியே நின்றது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மாஸ்டரிடம், உங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மீன் இல்லையா என்றார். மாஸ்டர் ஓம் என்றார். என்னிடம் கேட்டார். எங்களுடையது கடற்கரை வீடு, மற்ற ஆறு நாளும் மீன் இல்லாமல் சோறு இறங்காது, வெள்ளியில் சட்டியையே மாற்றிவிடுவோம் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. என் காது சூடானது.

தின்னாத நாளில் வெட்டவும் இல்லை. கோயிலுக்குப் போகிற நாளில், முழுகித் தோய்கிற நாளில், எலியையும் சுறாவையும் கையால் தொடுவது என்ற நினைப்பே எங்கள் ஒருவர் மனதிலும் எழவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கை தானாக அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. அரசாங்கப் பணத்தில் நடக்கிற ஒரு விஞ்ஞானப் பட்டத்தை நாலு வருடமும் விரதம் பிடிக்க வைத்துவிட்டோம்.

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல் குலுங்கி, புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். தலைவருடைய முகம் இரத்தச் சிவப்பாகிவிட்டது. மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வந்திருக்க முடியாது. தனக்கு அப்படி ஒரு நம்பிக்கையும் கிடையாது என்றார். வெள்ளிக்கிழமை வெட்டுவதற்கு ஒரு தடையும் இல்லை, விலங்குகளுக்கு நாள் கிழமை தெரியாது என்றார். அப்படியென்றால் அடுத்த வெள்ளியே தொடங்கலாமா என்று பேராசிரியர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

தலைவர் வாயைத் திறந்தார். “வீட்டில...” என்றார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. தன்னுடைய தாயார் பௌர்ணமிப் போயா நாளில் எறும்பைக்கூடக் கூட்டித்தள்ள விடமாட்டார் என்றார். தங்களுக்கு நல்ல காலம், போயாவுக்கு அரசாங்கமே லீவு கொடுத்துவிட்டது, அதனால் இந்தச் சங்கடம் ஒருபோதும் வெளியே தெரியவில்லை, உங்களுக்கு மாதத்தில் நாலு வெள்ளி வருகிறது, லீவும் கிடையாது என்றார். அந்தப் பேச்சில் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. ஆனால் உடனேயே, வெறும் நாளுக்கு நான் அனுமதி எழுத முடியாது, அந்த நாளில் என்ன செய்வீர்கள் என்று இரவு ரயிலுக்கு முன்னால் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு வேறு யோசனை வரவில்லை. இலையை மடிக்கவும் இல்லை, எச்சில் கையோடு சொல்லத் தொடங்கினேன். வெட்டத்தானே கூடாது, பார்க்கலாம் என்றேன். கடற்கரைப் பாடத்தை முதலில் இருந்து கடைசி வரை ஒப்புவித்தேன். இரண்டு தரம் எழுதிய பாடம், மனப்பாடமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பல பேர் வெள்ளிக்கிழமை தொழிலுக்குப் போகமாட்டார்கள், வள்ளங்கள் கரையில் நிற்கும், ஆட்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள், உதவிக்குப் பஞ்சமில்லை என்றேன். கொல்வதற்குத்தான் அந்த நாள் ஆகாது, உயிரோடு பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் தலைவரைப் பார்த்தார். இதைச் செய்முறையாக நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். தலைவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. துடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

“ஓம்,” என்றார் தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விலங்கியலில் சிறப்புப் பட்டம் நடத்தலாம். வெள்ளிக்கிழமைகளில் உயிருள்ள விலங்குகளின் களச் செய்முறை ஒழுங்காக நடக்க வேண்டும், பதிவுகள் பரீட்சைக்கு வைக்கப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. கடிதத்தின் அடியில் கையால் ஒரு வரி எழுதியிருந்தார், அடுத்த முறை தான் வியாழக்கிழமை வரப்போவதாக. நான் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஓடியே போனேன். அந்தப் பிள்ளை நூலகத்தில் இருந்தாள். சொன்னதும் எழும்பி நின்றாள், பிறகு மேசையில் தலையை வைத்து அழுதாள். நூலகர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.

நாங்கள் எதிர்பாராத புண்ணியம் ஒன்றும் வந்து சேர்ந்தது. புது வளாகத்தில் வெள்ளிக்கிழமை உயிர்க்கொலை செய்வதில்லை, துறைத் தலைவர் அப்படி ஒரு சைவப்பழம் என்று வலிகாமம் முழுவதும் கதை பரவிவிட்டது. அச்சுவேலித் தகப்பனார் ஒரு நாள் வெங்காயப் பிடி ஒன்றோடு என்னைத் தேடி வந்தார்.

“உங்கை வெள்ளிக்கிழமையில உயிர் கொல்லுறேல்லை எண்டு ஊருக்குள்ளை கதைக்கினம், ரீச்சர். மெய்யோ?”

மெய்தான் என்றேன். அது போதும், நாலு வருடமும் படிக்கட்டும் என்றார். நேரே தலைவரின் அறைக்குப் போய், வெங்காயத்தை மேசையில் வைத்து, அவருக்குக் கும்பிடு போட்டார். தலைவர் அன்று முழுவதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வெங்காயத்தை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. காலை பஸ்ஸில் வல்வெட்டித்துறைக்குப் போவோம். ஒரு பையன் கொக்கைத் தெரிந்தெடுத்தான், கொக்கு அவனைக் கண்டால் பறந்துவிடும், பாவம், வருடம் முழுவதும் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பற்றியே எழுதினான். அச்சுவேலிப் பிள்ளை காலியான சங்குகளுக்குள் குடியிருக்கும் நண்டைத் தெரிந்தெடுத்தாள். ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபிரிக்க முடியாமல் தவித்தாள். பிறகு தங்கையின் நகப்பூச்சைக் கொண்டுவந்து ஒவ்வொரு சங்கின் முதுகிலும் ஒரு பொட்டு வைத்தாள். வலை பொத்துகிற ஆட்களுக்கு நல்ல பம்பல், ஒரே சிரிப்பு. எங்கள் சிற்றப்பா அவளைக் கண்டால், ‘பிள்ளை, உன்ரை மருமகள் அந்தப் பாறைக்குக் கீழை நிக்கிறாள்’ என்று கூப்பிட்டுச் சொல்லுவார். கொஞ்ச நாளில் அவர்களும் பொட்டுகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் வெயிலில் கறுத்தாள். எனக்கு அதில் பயம் இருந்தது, வீட்டில் திட்டுவார்களே என்று. அவளுக்கு ஒரு பயமும் இல்லை. நண்டு புதுச் சங்கைக் கண்டால் உடனே குடிபுகாது, கொடுக்கை உள்ளே விட்டு அளந்து பார்க்கும், உருட்டிப் பார்க்கும், ஒரு தரம் புகுந்துவிட்டு மனம் மாறித் திரும்பி வரும் என்றெல்லாம் வந்து சொல்லுவாள். ஒரு நண்டு மட்டும் விளிம்பு உடைந்த சங்கை விட்டு அசையவே இல்லையாம். நல்ல சங்குகளை அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தாலும் பார்ப்பதோடு சரியாம். ஏன் என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். விரிவுரையாளராக இருந்து நான் அவ்வளவு சந்தோசமாகச் சொன்ன பதில் வேறில்லை.

தலைவர் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை குடையோடு கடற்கரைக்கு வந்தார். மேற்பார்வை என்றார். அவளுக்குப் பக்கத்தில் பாறையில் நின்று அரை மணி நேரம் பார்த்தார். சப்பாத்துக்குள் தண்ணீர் போனது. சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கு மனம் கசந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் புறுபுறுத்தேன்.

நாலாம் வருடக் கடைசியில் சிறப்புப் பட்டத்துக்கு வாய்மொழிப் பரீட்சை. வெளிப் பரீட்சகராக அதே பேராசிரியர் வந்தார். மேசைக்கு ஒரு பக்கம் அவர், தலைவர், நான். மறுபக்கம் ஒரு கதிரை. அந்தக் கதிரையில்தான் அந்தப் பிள்ளையின் நாலு வருடமும் இருந்தது. அவள் வெள்ளைச் சேலை உடுத்து, நண்டு ஒன்றைக் கடல்தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கொண்டுவந்து பேராசிரியருக்கு முன்னால் வைத்தாள். மேசையில் சிந்திய தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

அவர் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு போனார். சுறாவின் இருதயம், எலியின் நரம்புகள், தவளையின் தோல். பாடமாக்கியவை, தட்டித்தடவிச் சொன்னாள். பிறகு அவர் சாய்ந்து உட்கார்ந்து, இத்தனை விலங்குகளை வெட்டிப் படித்திருக்கிறீர், இந்த நண்டை ஒரு நாளும் வெட்டவில்லை, அப்படியிருக்க எந்த விலங்கை நன்றாகத் தெரியும் என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தில் தொடங்கினாள். இரண்டு சொல்லில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உமது மொழியில் சொல்லும், இவர்கள் எனக்குச் சொல்லட்டும் என்றார்.

அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

“மற்றதுகளுக்கு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியும், சேர். உந்த நண்டை எனக்குத் தெரியும்.”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் வாயெடுத்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. வாய்க்காரி என்று பெயரெடுத்த எனக்கு அது முதல் தரம். அப்போது பக்கத்தில் இருந்த தலைவர் முன்னால் சரிந்து, அவள் சொன்னதை ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அது சரியான பதில் என்றும் அவரே சொன்னார்.